‘சொந்தக் காரணம்’னு எழுதாதீங்க!



ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு ராஜினாமா கடிதம் எழுதினேன். எனக்காக இல்லை, எங்க தெருவுல குடியிருக்கிற ஒரு அக்காவுக்காக. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாங்க. கால் வலி தாங்க முடியாமல் வேலையை விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. "தம்பி, நீ கட்சி ஆபீஸ்ல மனு எல்லாம் எழுதுறவன்தானே, நல்லபடியா ஒரு லெட்டர் எழுதிக் குடுப்பா"ன்னு வந்து கேட்டாங்க.

எழுதினேன். ஊர்ல எல்லாரும் எழுதுற மாதிரியே எழுதினேன். "சொந்தக் காரணங்களால் என்னால் பணியில் தொடர இயலவில்லை. ஆகவே என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ரெண்டே வரி. அக்கா கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போனாங்க.

அந்த ரெண்டு வரி எவ்வளவு பெரிய தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சது. தொழிலாளர் உரிமைன்னு மேடைக்கு மேடை பேசுற நானே அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. நாளைக்கு உங்க வீட்டிலோ தெருவிலோ ஒருத்தர் இதே மாதிரி ஒரு கடிதம் எழுத உட்காரலாம்.

அந்தக் கால் எப்படிக் கெட்டது?

அக்காவுக்குத் தென்மாவட்டத்தில் ஒரு கிராமம். பிளஸ் டூ முடிச்ச கையோடு ஊர்ப் பொண்ணுங்க நாலு பேரோட சென்னைக்கு வந்தவங்க. கடை விடுதியில் தங்கி, கல்யாணம் வரைக்கும் ஒரு கடை. கல்யாணம், குழந்தை, கொஞ்ச வருஷ இடைவெளி. பிறகு இந்தக் கடை. இங்க மட்டும் நாலு வருஷம் ரெண்டு மாசம்.

காலையில ஒன்பதரைக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி ஒன்பதரை. தீபாவளி சீசன்னா பதினொன்று. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், டீக்கு பத்து நிமிஷம். கவுன்ட்டரில் சாயக் கூடாது. சேலை அடுக்கியிருக்கிற மேடையில் உட்காரக் கூடாது. ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் ரெண்டு நிமிஷம் குந்தினால்கூட, சூப்பர்வைசர் வந்து ஒண்ணும் பேச மாட்டாராம். மேலே இருக்கிற கேமராவை விரலால் காட்டிட்டுப் போவாராம். அவ்வளவுதான்.

நாள் முழுக்க நின்னா உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கணும். இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்பிடும். கீழே வந்த ரத்தம் மேலே ஏறணும்னா புவியீர்ப்பை எதிர்த்து ஏறணும். அதுக்கு நம்ம கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடக்கும்போது தசை இறுகித் தளரும், ரத்தத்தை மேலே தள்ளும். தள்ளிய ரத்தம் திரும்ப இறங்காமல் இருக்க ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கு. ஒரே இடத்தில் அசையாமல் நின்னா அந்தப் பம்பு சரியா ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும். வருஷக்கணக்கில் தேங்கினால் குழாய் விரியும், வால்வு தளரும். அதுக்கப்புறம் நீலநிறத்தில் புடைச்சு, சுருண்டு, தோலுக்கு வெளியே தெரியும். நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு நாம சொல்றது இதைத்தான். டாக்டர் சொல்ற பெயர் வெரிகோஸ் வெயின். பரம்பரை, பிரசவம், உடல் எடை எல்லாமும் இதுக்குக் காரணமா சேரும், உண்மைதான். ஆனா ஏற்கெனவே பலவீனமான காலைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கிறது வேலைதானே?

அக்காவுக்கு முதலில் ராத்திரியில் கால் கனமா இருந்தது. அப்புறம் சாயங்காலம் ஆனா செருப்பு இறுக ஆரம்பிச்சது. அப்புறம் முட்டிக்குப் பின்னாடி புடைப்பு. டாக்டர் இறுக்கமான காலுறை போடச் சொன்னார், படுக்கும்போது காலை உயரமா வைக்கச் சொன்னார், "முக்கியமா நிக்கிறதைக் குறைங்க"ன்னார். மத்த ரெண்டையும் செஞ்சாங்க. மூணாவது அவங்க கையிலா இருக்கு?

ரெண்டு வாரம் லீவு போட்டாங்க. வீக்கம் வடிஞ்சது. வேலைக்குப் போனாங்க. பத்தே நாளில் திரும்ப வந்தது. கடன் வாங்கி வலது காலுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. ஒரு மாசம் நல்லா இருந்தது. திரும்ப அதே தளம், அதே நிற்பு. ஒரு வருஷத்துக்குள்ள இடது கால். கடைசியில் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஆறாத புண்ணா நின்னது.

இந்த வரிசையைக் கவனிங்க. லீவு எடுத்தா வலி குறையுது, வேலைக்குப் போனா ஏறுது. நாலு வருஷமா இதே கதை. அந்தக் காலைக் கெடுத்தது எதுன்னு காட்ட இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா? ஆனா நான் எழுதிய கடிதத்தில் இது ஒண்ணுமே இல்லை. "சொந்தக் காரணம்" மட்டும்தான் இருக்கு.

நாற்காலிக்கு ஒரு சட்டம்

இதுக்கெல்லாம் சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. கதையே அங்கதான்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-வது பிரிவு இருந்தது. நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தரணும்னு அது சொன்னது. அதாவது சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே ஆலைத் தொழிலாளிக்கு ஸ்டூல் உண்டுன்னு இந்த நாடு ஒத்துக்கிட்டது.

ஜவுளிக்கடைப் பொண்ணு அந்தச் சட்டத்துக்குள்ள வரலை. கடைக்குத் தனிச் சட்டம். 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதில் உட்காரும் வசதிக்கான 22-அ பிரிவு எப்போ சேர்ந்தது தெரியுமா? 2021-ல். அந்த வருஷம் செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா தாக்கலாகி நிறைவேறியது. ஆலையில் இருந்து கடைக்கு ஒரு ஸ்டூல் நகர்ந்து வர 73 வருஷம்!

அதுகூடச் சும்மா வரலை. நமக்கு முன்னாடி 2018-லேயே கேரளா இந்த உரிமையைச் சட்டமாக்கியது. அதுக்குப் பின்னாடி கோழிக்கோட்டில் பல வருஷப் போராட்டம் இருக்கு. ஒரு தையல்காரப் பெண், விஜி. கடைத்தெருவில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ன்னு ஓர் அமைப்பைக் கட்டினாங்க. முதலில் அவங்க கேட்டது கழிப்பறை. ஆமாம், கழிப்பறை. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணி குடிக்காமலே நாளை ஓட்டினாங்க. அங்க ஆரம்பிச்ச போராட்டம்தான் நாற்காலி வரைக்கும் வந்தது. 2018-ல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி பெயர் இருந்தது.

நம்ம ஊர்ல இந்த வலி யாருக்கும் தெரியாததா? 2010-லேயே வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ன்னு படமே எடுத்தார். தமிழ்நாடே பார்த்து அழுதது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அதே தெருவுக்குத்தான் தீபாவளித் துணி எடுக்கப் போனோம். நானும்தான் போனேன்.

எந்த ஆட்சி கொண்டுவந்தாலும் நல்ல சட்டத்தை நல்ல சட்டம்னு சொல்லணும். 2021 திருத்தம் நல்ல சட்டம். ஆனா அதில் ஒரு ஓட்டை இருக்கு. வேலையின் நடுவே உட்கார வாய்ப்பு அமையும்போது உட்கார்ந்துகொள்ள இருக்கை வேணும்னுதான் சட்டம் சொல்லுது. வாய்ப்பு அமைஞ்சதா இல்லையான்னு யார் முடிவு பண்றது? சூப்பர்வைசர். அக்கா வேலை பார்த்த தளத்தில் ஸ்டூல் இருந்ததாம். ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சா குடோனிலிருந்து மேலே ஏறும், அவங்க போனதும் கீழே இறங்கும். "அந்த ஸ்டூலுக்கு இருந்த ஓய்வு எங்களுக்கு இல்லை தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

வேலை நேரத்துக்கும் இதே கதிதான். அதே கடைகள் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம்னு சொல்லுது. ஓவர்டைமோட சேர்த்தாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு மணி நேரம் நிக்க வைக்கிறது எந்தச் சட்டத்தில் வருது?

மெதுவா வந்த காயம் கணக்கில் வராதா?

இனி பெரிய விஷயத்துக்கு வர்றேன்.

வேலை செய்யும்போது மாடியிலிருந்து விழுந்து கால் ஒடிஞ்சா அது விபத்து. இழப்பீடு உண்டு. 1923-ம் ஆண்டு சட்டத்திலிருந்தே உண்டு. சிலிகோசிஸ், ஈய நச்சு, பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் மாதிரி சில நோய்களுக்கும் உண்டு. ஏன்னா அதெல்லாம் சட்டத்தின் அட்டவணையில் ‘தொழில்சார் நோய்’னு பெயர் போட்டு இருக்கு. வெரிகோஸ் வெயின் அந்த அட்டவணையில் இல்லை. அட்டவணையில் இல்லாத நோய்க்கு இழப்பீடு கேட்டா, ஒரு குறிப்பிட்ட விபத்தில் ஏற்பட்ட காயத்தால்தான் இது வந்ததுன்னு நிரூபிக்கச் சொல்லும் சட்டம்.

எந்த விபத்தைக் காட்டுவாங்க அக்கா? எந்தத் தேதி, எத்தனை மணி? அவங்க கால் ஒரு நாளில் ஒடியலை. ஆயிரம் நாளில், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமா, கொஞ்சம் கொஞ்சமா கெட்டது. ஒரே அடியில் உடைஞ்சா இழப்பீடு, மெதுவா உடைஞ்சா ராஜினாமா. இதுதான் இன்றைய கணக்கு.

இது ஜவுளிக்கடையோட முடியலை. கொஞ்சம் சுற்றிப் பாருங்க. மூட்டை தூக்கி முதுகுத்தண்டு நழுவின சுமைதூக்கும் தொழிலாளி. தையல் மிஷினில் குனிஞ்சு குனிஞ்சு கழுத்து திரும்பாமல் போன திருப்பூர் தங்கச்சி. நாள் முழுக்கக் கீபோர்டு தட்டி மணிக்கட்டு மரத்துப்போன ஐ.டி. தம்பி. குப்பை வண்டியைத் தள்ளித் தோள்பட்டை இறங்கின தூய்மைப் பணியாளர். இவங்கள்ல எத்தனை பேர் ‘வேலையை விட்டவங்க’? அவங்க வேலையை விட்டாங்களா, வேலை அவங்களை விட்டதா?

மணிக்கட்டு மாதிரி தசை எலும்பு சார்ந்த கோளாறுகளைத் தொழில்சார் நோய்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தன் பட்டியலிலேயே சேர்த்திருக்கு. உலகம் ஒத்துக்கிட்டதை நம்ம அட்டவணை இன்னும் ஒத்துக்க வேண்டியிருக்கு.

இன்னொரு விஷயம். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில், ஆட்குறைப்பு செஞ்சா ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு இருந்தது. ஆனா அதே சட்டம் ‘ஆட்குறைப்பு’ங்கிற சொல்லுக்கு விளக்கம் தரும்போது, தொடர்ந்த உடல்நலக் குறைவால் ஒருத்தரை நிறுத்தினா அது ஆட்குறைப்பு ஆகாதுன்னு ஒதுக்கி வெச்சது. உடம்பைக் கெடுத்த இடமே, "உடம்பு சரியில்லை, போயிட்டு வா"ன்னு வெறுங்கையோட அனுப்ப முடிஞ்சது. சட்டப் புத்தகத்திலேயே அப்படி ஒரு கதவு திறந்து இருந்தது.

அரசு ஊழியருக்கு இந்த நிலைமை இல்லை. பணிக்காலத்தில் ஒருத்தர் மாற்றுத்திறனாளி ஆனா அவரை நீக்கக் கூடாது, தரம் இறக்கக் கூடாது, அதே சம்பளத்தில் செய்யக்கூடிய வேற வேலை கொடுக்கணும்னு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவில் சொல்லுது. நல்ல விதி. ஆனா அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். ஜவுளிக்கடைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு நிழல் இல்லை.

ரெண்டு வரியால் போன பணம்

சரி, நான் பண்ணிய தப்புக்கு வர்றேன்.

அக்கா கடைசி மாசச் சம்பளம் வாங்கப் போனப்போ பணிக்கொடை பத்திக் கேட்டிருக்காங்க. கிராச்சுவிட்டின்னு சொல்வோமே, அதுதான். "அஞ்சு வருஷம் முடியலையேம்மா"ன்னு அலுவலகத்தில் சொல்லிட்டாங்க. நாலு வருஷம் ரெண்டு மாசம்தானே. நானும் சரின்னுதான் நினைச்சேன். பிறகு நம்ம வழக்கறிஞர் தோழர் ஒருத்தர்கிட்ட பேச்சுவாக்கில் சொன்னப்போ, தலையில அடிச்சுக்கிட்டார்.

1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தில் அஞ்சு வருஷ விதிக்கு விலக்கு இருந்தது. மரணத்தாலோ, விபத்து அல்லது நோயால் வந்த இயலாமையாலோ வேலை முடிவுக்கு வந்தா அஞ்சு வருஷம் முடிஞ்சிருக்க வேண்டியதில்லை. இயலாமைன்னா படுத்த படுக்கையா இருக்கணும்னு அர்த்தம் இல்லை. நோய் வர்றதுக்கு முன்னாடி செஞ்சுக்கிட்டிருந்த அந்த வேலையைச் செய்ய முடியாமல் போறதே சட்டத்தின் பார்வையில் இயலாமை. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விலக்கு இருக்கு.

அக்காவுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினா வருஷத்துக்கு 7,500. நாலு வருஷத்துக்கு 30,000 ரூபாய். ஆபரேஷனுக்கு வாங்கின கடனில் பெரும்பகுதி அடைஞ்சிருக்கும்.

வழக்கறிஞர் தோழர் கேட்ட முதல் கேள்வி: "ராஜினாமா கடிதத்தில் என்ன காரணம் எழுதினீங்க?"

சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை.

"சொந்தக் காரணம்"னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்தக் காகிதம் இப்போ கடை ஃபைலில் பத்திரமா இருக்கும். நாளைக்கு அக்கா "என் காலைக் கெடுத்தது இந்த வேலை"ன்னு சொன்னா, "நீங்களே சொந்தக் காரணம்னு எழுதியிருக்கீங்களே"ன்னு எடுத்துக் காட்டுவாங்க. அந்தக் காகிதத்தை அவங்களுக்கு எழுதிக் கொடுத்தது நான்.

ஏன் அப்படி எழுதினேன்? யோசிச்சுப் பார்த்தா, நம்ம எல்லாருக்கும் அது பழகிப்போச்சு. போற இடத்தில் நல்ல பெயரோட போகணும். மேனேஜர் மனசு கோணக் கூடாது. "நோய்"னு எழுதினா அடுத்த இடத்தில் வேலை கிடைக்காதோன்னு பயம். "எழுதிக் குடும்மா, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்"னு ஆபீஸ்லயும் அவசரப்படுத்துவாங்க. இதெல்லாம் சேர்ந்து, வேலையால் வந்த நோயை வீட்டு விவகாரமா மாத்திடுது. லட்சம் பேர் "சொந்தக் காரணம்"னு எழுதினா, லட்சம் கால்கள் கெட்டதுக்கு எங்கேயும் பதிவு இருக்காது. பதிவு இல்லைன்னா பிரச்சினையே இல்லைன்னு ஆகிடும். அப்புறம் எந்த அமைச்சர்கிட்ட, எந்தக் கணக்கைக் காட்டி, எந்த அட்டவணையைத் திருத்தச் சொல்லிக் கேட்கப் போறோம்?

அதனால இப்படிச் செய்யுங்க

ஒண்ணு. வலி ஆரம்பிச்ச உடனே டாக்டர்கிட்ட போங்க, போகும்போது என்ன வேலை பார்க்கிறீங்கன்னு சொல்லுங்க. எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க, எவ்வளவு எடை தூக்குறீங்கன்னு சீட்டில் எழுதச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவை திரும்ப வரும்போதும் போங்க. அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியா வெச்சுக்கோங்க.

ரெண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களான்னு பாருங்க. மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு அது பொருந்தும். ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தா, நோய்க்கால உதவியா சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். முதுகுத்தண்டு வட்டு நழுவியது மாதிரி சில நோய்களுக்கு இன்னும் நீண்ட காலம் உண்டு. சம்பளமில்லாத லீவு போட்டுக் கடன் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. நோய்க்கால உதவி வாங்கிக்கிட்டிருக்கும்போது ஒருத்தரை வேலையை விட்டு நீக்கக் கூடாதுன்னு 1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் 73-வது பிரிவிலேயே சொல்லியிருந்தது.

மூணு. ராஜினாமாவுக்கு முன்னாடி, உட்கார்ந்து செய்யுற வேலை கேட்டு ஒரு கடிதம் கொடுங்க. பில் போடுற இடம், பேக்கிங், ஸ்டாக் கணக்கு, எதுவா இருந்தாலும் சரி. வாயால் கேட்காதீங்க, எழுதிக் கொடுங்க. நகலில் வாங்கினதா கையெழுத்து வாங்குங்க. போட மறுத்தா ஒப்புகை அட்டையோட தபாலில் அனுப்புங்க.

நாலு. விட்டே ஆகணும்னா, காரணத்தை நேரா எழுதுங்க. இப்படி எழுதலாம்:

"நான் தங்கள் நிறுவனத்தில் இன்ன தேதி முதல் நாள்தோறும் நின்றபடியே பணி செய்து வந்தேன். எனக்கு இரு கால்களிலும் வெரிகோஸ் வெயின் நோய் உள்ளது. நின்று பணி செய்யக் கூடாது என மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். சான்று இணைத்துள்ளேன். உட்கார்ந்து செய்யும் பணி கேட்டு இன்ன தேதியில் கடிதம் கொடுத்தேன். அது தரப்படவில்லை. இந்த நோயினால் மட்டுமே என்னால் இப்பணியைத் தொடர இயலவில்லை. எனக்குச் சேர வேண்டிய பணிக்கொடை உள்ளிட்ட தொகைகளை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் யாரையும் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கோம்.

அஞ்சு. ஏற்கெனவே "சொந்தக் காரணம்"னு எழுதிக் கொடுத்துட்டவங்க மனசு விட்டுடாதீங்க. தாமதம் ஆனதாலேயே பணிக்கொடை மனு செல்லாமல் போகாது. மருத்துவச் சீட்டுகளை எடுத்துக்கிட்டு அருகில் இருக்கிற நம்ம தொழிற்சங்கத் தோழர்களைப் பாருங்க.

நாம கேட்கிறது என்ன?

ஸ்டூல் இருக்கான்னு மட்டும் பார்க்கிற ஆய்வு வேண்டாம். உட்கார விடுறாங்களான்னு தொழிலாளிகிட்ட தனியாக் கேட்கிற ஆய்வு வேணும். பண்டிகை சீசனில், கூட்டம் நிற்கிற நேரத்தில் வரணும், சொல்லாமல் வரணும். இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை நிமிஷம் கட்டாயம் உட்காரணும்னு விதியில் எழுதணும். அப்போதான் ‘வாய்ப்பு அமைஞ்சா’ங்கிற ஓட்டை அடையும். நின்று வேலை செய்யுறதால் வரும் கால் நோய், சுமையால் வரும் முதுகு நோய், ஒரே அசைவால் வரும் மணிக்கட்டு நோய் எல்லாம் தொழில்சார் நோய் அட்டவணையில் ஏறணும். அரசு ஊழியருக்கு இருக்கிற மாற்றுப் பணி உரிமை தனியார் தொழிலாளிக்கும் வரணும்.

"கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்காது"ன்னு முதலாளிங்க சொல்வாங்க. வங்கியில் நம்மகிட்ட பணம் வாங்குறவர் உட்கார்ந்துதான் வாங்குறார். யாருக்கும் மரியாதை குறைஞ்சதா தெரியலை. கடையிலேயே கல்லாவில் முதலாளி உட்கார்ந்துதான் இருக்கார். அவர் உட்கார்ந்தா கௌரவம், சேலை விரிக்கிற பொண்ணு உட்கார்ந்தா அவமரியாதையா?

"சின்னக் கடை, லாபமே கம்மி"ன்னும் சொல்வாங்க. சின்னக் கடைக்காரர் படுற பாடு நமக்கும் தெரியும். ஆனா ஒரு ஸ்டூல் என்ன விலை? பழகின ஆளை இழந்து, புது ஆளைப் பிடிச்சுப் பழக்குறதுக்கு ஆகுற செலவைவிடவா அதிகம்?

கடைசியா நமக்குள்ள ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல கடை வெச்சிருக்கிற தோழர்கள் நிறைய பேர் இருக்கீங்க. நம்ம பொறுப்பாளர்கள்லயும் வியாபாரிகள் உண்டு. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம கடையைப் பார்ப்போம். நம்ம கடையில் வேலை செய்யுற பிள்ளைக்கு உட்கார இடம் இருக்கா? மத்தியானத்தில் அது உட்கார்ந்தா நம்ம முகம் எப்படி மாறுது? அங்க சரி பண்ணாமல் மேடையில் பேசினா, அந்தப் பிள்ளையே நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்.

மத்தவங்க, அடுத்த தடவை துணி எடுக்கப் போகும்போது, சேலை எடுத்துப் போடுற பொண்ணுகிட்ட "உட்காரும்மா, உட்கார்ந்தே காட்டு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ உடனே உட்கார்ந்துடுவான்னு இல்லை. பக்கத்தில் நிற்கிற சூப்பர்வைசர் காதில் விழணும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சொன்னா முதலாளி காதிலும் விழும்.

அக்காவோட மருத்துவச் சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்து, பணிக்கொடை கேட்டு மனு போட்டிருக்கோம். கடிதத்தில் காரணம் ஏன் அப்படி எழுதப்பட்டதுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். முடிவு இன்னும் வரலை. அக்கா இப்போ வீட்டிலேயே சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறாங்க. உட்கார்ந்துதான் தைக்கிறாங்க. கணுக்கால் புண் ஆறிக்கிட்டு வருது.

உங்ககிட்ட யாராவது ராஜினாமா கடிதம் எழுதிக் கேட்டு வந்தா, பேனாவை எடுக்குறதுக்கு முன்னாடி ஏன் விடுறாங்கன்னு கேளுங்க. அவங்க சொல்ற காரணத்தை அப்படியே எழுதுங்க.

#உட்காரும்_உரிமை
#சொந்தக்_காரணம்_இல்லை